இயந்திரம் நின்றால் வயரை வெட்டாதீர்கள்

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பம் ஒன்றிடம் எஞ்சியிருக்கும் பொருட்களில் பெறுமதி மிக்கது பெரும்பாலும் நீர் இறைக்கும் இயந்திரமே. அதனை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு திரிந்தவர்கள் உண்டு. நிலத்தில் புதைத்துவைத்து, திரும்பி வந்து தோண்டி எடுத்தவர்களும் உண்டு. காணி குத்தகைக்கு, விதை கடனுக்கு என்றிருக்கும் நிலையில் இயந்திரம் பழுதானால் அந்தப் போகமே கைவிட்டுப் போய்விடும்.

இன்று பாவனையில் உள்ள சிறிய பெற்றோல் இயந்திரங்கள் பலவற்றில் 'ஒயில் சென்சர்' பொருத்தப்பட்டிருக்கிறது. அது பழுதானால் நடுவழியில் இறைப்பு நிற்கும். கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் இயந்திரம் பிடிக்காது. யாராவது ஒருவர் சென்சரின் வயரை வெட்டிவிடுவார், இயந்திரம் ஓடும், வெங்காயத்துக்குத் தண்ணீர் கிடைக்கும். பின்னர் ஒருநாள் ஒயில் வற்றியது தெரியாமல் ஓடி, பிஸ்டன் இறுகிவிடும். சென்சர் ஒரு சிறு உதிரிப்பாகம். இறுகிய இயந்திரத்தைத் திருத்துவதோ, சில வேளை புதிதாக ஒன்று வாங்குவதற்குச் சமமான செலவு.

சென்சர் செய்யும் வேலை

இயந்திரத்தின் அடிப்பகுதியில், ஒயிலுக்குள் ஒரு சிறிய மிதவை இருக்கிறது. ஒயில் குறையும்போது மிதவையும் கீழிறங்கும். உடனே ஒரு சுவிச் இணைந்து, பிளக்கில் வரும் நெருப்புப் பொறியை நிறுத்திவிடும். ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 போன்ற இயந்திரம் கொள்ளும் ஒயில் சுமார் 0.6 லீற்றர் மாத்திரமே. இவ்வளவு சிறிய அளவில் ஒரு தேநீர்க் குவளை குறைந்தாலும் ஆபத்துத்தான்.

முதலில் பார்க்க வேண்டியவை

சென்சரைக் குறை கூறுமுன் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

1. இயந்திரம் சமதரையில் நிற்கிறதா? வாய்க்கால் வரம்பில் சரிந்து நின்றால், ஒயில் போதியளவு இருந்தாலும் மிதவை இறங்கிவிடும்.

2. ஒயில் இருக்கிறதா? இயந்திரத்தை நிறுத்தி, மூடியுடன் இணைந்த கோலைத் துடைத்து, முறுக்காமல் உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். ஒயில் மேற்குறி வரை நிற்க வேண்டும்.

3. எரிபொருள் வருகிறதா, பிளக் சுத்தமாக உள்ளதா?

இவை மூன்றும் சரியாக இருந்தும் பிளக்கில் பொறி வராவிட்டால், சென்சர் வயரை அதன் இணைப்பில் கழற்றுங்கள். வெட்ட வேண்டாம். கழற்றிய முனை இயந்திர உடலில் படாதபடி நாடா சுற்றிவிடுங்கள். இப்போது இயந்திரம் பிடித்தால் கோளாறு சென்சரில்தான். புதியது போடும்வரை, ஒவ்வொரு முறை எரிபொருள் ஊற்றும்போதும் கோலை எடுத்து ஒயிலைப் பாருங்கள்.

இதற்கு எதிரான கோளாறும் உண்டு. மண்ணில் புதைந்து கிடந்த அல்லது நெடுநாள் ஓடாதிருந்த இயந்திரத்தில் பழைய ஒயில் பசைபோல் இறுகி, மிதவை மேலேயே ஒட்டிக்கொள்ளலாம். அப்போது ஒயில் வற்றினாலும் இயந்திரம் நிற்காது. ஒயில் மாற்றும் நாளில், கழற்றிய சென்சர் வயருக்கும் இயந்திர உடலுக்கும் இடையே மெக்கானிக்கைக் கொண்டு மீற்றர் வைத்துப் பாருங்கள். ஒயில் வடிந்திருக்கும்போது மின்தொடர்பு இருக்க வேண்டும். நிரப்பிய பின் இருக்கக் கூடாது.

சென்சருக்குத் தெரியாதது

சென்சர் ஒயிலின் அளவை மட்டுமே அறியும். அதன் தரத்தை அறியாது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் சில துளி பெற்றோலில் இயக்கப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. எமது இறைப்பு இயந்திரங்கள் பல இன்றும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. இயந்திரம் சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் மட்டம் ஏறும். சென்சர் 'எல்லாம் நலம்' என்றே சொல்லும். உள்ளே இருப்பதோ தண்ணீர்போல மெலிந்த ஒயில்.

ஆகவே கோலில் உள்ள ஒயிலை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்; மணந்தும் பாருங்கள். மட்டம் தானாக ஏறியிருந்தால், மண்ணெண்ணெய் மணந்தால், உடனே மாற்றுங்கள். புதிய இயந்திரமாயின் முதல் 20 மணித்தியாலங்களிலும், அதன்பின் 100 மணித்தியாலங்களுக்கு ஒருமுறையும் ஒயில் மாற்றுவது பொதுவான முறை. மண்ணெண்ணெயில் ஓடுவதை அதற்கு முன்னரே மாற்றுவது நல்லது.

வான், லொறி வைத்திருப்போருக்கும் ஒரு சொல். பெரும்பாலான வாகனங்களில் சிவப்பு ஒயில் விளக்கு காட்டுவது ஒயிலின் அழுத்தத்தை. ஓடும்போது அது எரிந்தால் உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். ஒயில் மட்டத்துக்கான விளக்கு சில வாகனங்களில் மாத்திரம் உண்டு. அது பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். எது எரிந்தாலும் முதலில் கோலைப் பாருங்கள். ஒயில் சரியாக இருந்தாலும் சிவப்பு விளக்கு அணையாவிட்டால், மெக்கானிக் பார்க்கும்வரை ஓட்ட வேண்டாம்.

பொது இயந்திரம், பொதுப் பொறுப்பு

மீளக்குடியேறிய ஊர்களில் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஓர் இயந்திரத்தைப் பாவிப்பதுண்டு. அங்கேதான் 'மற்றவர் பார்த்திருப்பார்' என்ற எண்ணம் வளர்கிறது. ஓர் அப்பியாசக் கொப்பியை இயந்திரத்தோடு வையுங்கள். எடுப்பவர் ஒயில் பார்த்த திகதியையும், ஓடிய மணித்தியாலங்களையும் எழுதிக் கையொப்பமிடட்டும். வயர் கழற்றப்பட்டிருந்தால் அதையும் முதற்பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். அடுத்த வீட்டார் அறியாமல் ஓட்டக் கூடாது.

பத்துக் கன்னியர் உவமையில் எல்லோரிடமும் விளக்கு இருந்தது. எண்ணெயை நினைத்தவர்கள் ஐவர் மாத்திரமே. இன்று மாலை இறைப்பு முடிந்து இயந்திரம் ஆறியதும், கோலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிக்கொடுங்கள்.