குருதிச் சோதனையும் கணைய அழற்சியும்

இரைப்பைக்குப் பின்புறம் குறுக்காக அமைந்துள்ள உறுப்பு கணையம். உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகளைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது அதன் பணிகளுள் ஒன்று. அந்நொதிகள் குடலை அடையுமுன் கணையத்துக்குள்ளேயே செயற்படத் தொடங்கினால், அதன் திசுக்களையே சிதைக்கத் தலைப்படும். இந்நிலையைக் கணைய அழற்சி என்கிறோம். தீயைக் குறிக்கும் 'அழல்' என்பதன் வழிவந்தது 'அழற்சி'. மேல்வயிற்றில் எழுந்து முதுகுக்குப் பரவும் கடும் வலியை நோக்க, இப்பெயர் பொருத்தமானதே.

பாதிப்புற்ற அணுக்களிலிருந்து நொதிகள் குருதியில் கசிகின்றன. ஆய்வுக்கூடம் அளப்பது இக்கசிவையே. அளக்கப்படுவன அமிலேஸ், லிப்பேஸ் என இரண்டு. அமிலேஸ் என்பதை அமிலத்தோடு இணைத்து எண்ணிவிடக் கூடாது, இரண்டுக்கும் தொடர்பில்லை. மாவுச்சத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். லிப்பேஸின் வேரோ கொழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். எதனைச் செரிக்கச் செய்கின்றன என்பதைப் பெயர்களே உணர்த்துகின்றன. கணைய நோயைக் கண்டறியக் குருதி அமிலேஸ் அளவு உதவும் என்பதை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் எல்மனும் அவருடைய உடனாய்வாளர்களும் 1929ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர்.

இவ்விரண்டும் ஒரே தன்மையன அல்ல. நோய் தொடங்கிச் சில மணி நேரத்தில் உயரும் அமிலேஸ், பெரும்பாலும் 3 முதல் 5 நாள்களில் இயல்புக்குத் திரும்பும். லிப்பேஸ் 8 முதல் 14 நாள்கள் வரை உயர்ந்திருக்கக்கூடும். எனவே, காலந்தாழ்த்தி வரும் நோயாளிக்கு லிப்பேஸ் சோதனையே மிகவும் துணைசெய்யும். மேலும், உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அமிலேஸைச் சுரப்பதால், பொன்னுக்குவீங்கி கண்டவரிடத்தும் அதன் அளவு உயரும்.

அவ்வாறாயின் எந்த அளவு நோயைக் காட்டும்? 2012ஆம் ஆண்டின் திருத்திய அட்லாண்டா வகைப்பாடு திடீர்க் கணைய அழற்சிக்கு மூன்று அடையாளங்களை வகுக்கிறது: நோய்க்குரிய வயிற்றுவலி, இயல்பு மேல்வரம்பைப்போல் 3 மடங்கேனும் உயர்ந்த நொதி அளவு, படச்சோதனையில் தோன்றும் மாற்றம். இவற்றுள் இரண்டு அமைதல் வேண்டும். ஓர் ஆய்வுக்கூடத்தின் மேல்வரம்பு லிட்டருக்கு 60 அலகு எனக் கொள்வோம். அங்கு 90 என்பது உயர்ந்த அளவே. எனினும் அடையாளமாக ஏற்கப்படுவது 180 முதலாகத்தான். வரம்பு கூடத்துக்குக் கூடம் வேறுபடுவதால், அறிக்கையில் அச்சிட்ட வரம்போடு ஒப்பிட்டே எண்ணைப் படித்தல் வேண்டும்.

ஈண்டு இரு பிழைகள் நேர்வதுண்டு. எண் பெரிதானால் நோயும் கடுமையானது என்று அஞ்சுவது ஒன்று. நொதியின் அளவு நோயின் கடுமையைக் காட்டாது. அதனை மருத்துவர் வேறு குறிகளால் மதிப்பிடுவர். எண் இயல்பாக இருப்பதால் நோயில்லை என்று அமைதியுறுவது மற்றொன்று. இதுவே பெருங்கேடு தருவது. நாட்பட்ட அழற்சியில் சுரக்கும் திசுவே அழிந்துபோவதால், நொதி அளவு இயல்பாகவே தோன்றலாம்.

நோய்க்குக் காரணம் தேடுவதற்கும் குருதியே உதவுகிறது. கல்லீரல் நொதியின் உயர்வு பித்தக்கல்லைச் சுட்டலாம். மிகையான டிரைகிளிசரைடு, கால்சியம் ஆகியனவும் காரணமாகலாம்.

ஒரு சொல்லின் பொருளை அது பயிலும் தொடரைக் கொண்டே நாம் துணிகிறோம். சோதனை எண்ணையும் வலி, காலம், படம் ஆகியவற்றோடு சேர்த்தே மருத்துவர் பொருள் கொள்கிறார். ஆகவே, கடும் வயிற்றுவலி தணியாதபோது, முன்னர் எடுத்த அறிக்கை இயல்பென்று இருப்பினும், மீண்டும் மருத்துவமனையை நாட வேண்டும் என்பதை மாணவர்க்கு உணர்த்துவோமாக.