வாடகை வீட்டுக்கு மனைவி குடிவந்தால் ஏஜெண்டுக்கு மீண்டும் கட்டணமா?

ஈப்போ – புந்தோங்கிலோ மெங்லெம்புவிலோ தனி ஆளாக வீடு எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞருக்குத் திருமணம் நடக்கிறது. மனைவி அதே வீட்டுக்குக் குடிவருகிறார். வீட்டைப் பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட், "பெயர் சேர்க்க வேண்டும், ஒப்பந்தம் மாற்ற வேண்டும்" என்று சொல்லி ஒரு தொகை கேட்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா?

ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இல்லையென்றால், கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் கட்டணத்தை மறுப்பதோடு விஷயம் முடிந்துவிடாது. குடிவந்தவரின் பெயர் எழுத்தில் இருக்கிறதா என்பதுதான் பின்னாளில் பெரிய கேள்வியாகிறது.

ஏஜெண்டுக்கு யார் பணம் தருவது?

மலேசியாவில் வீட்டு ஏஜெண்டுகளின் தொழில் 1981ஆம் ஆண்டின் 242ஆவது சட்டத்தின் கீழ் வருகிறது. எல்.பி.பி.இ.எச். எனப்படும் வாரியம் அவர்களைப் பதிவு செய்கிறது. பதிவு பெற்ற நிறுவனத்தின் கீழ் வேலை செய்யும் 'நெகோஷியேட்டர்' ஒவ்வொருவருக்கும் ஆர்.இ.என். எண் கொண்ட அட்டை உண்டு.

மூன்று ஆண்டு வரையிலான வாடகைக்கு ஏஜெண்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் ஒன்றேகால் மாத வாடகை. 800 ரிங்கிட் வாடகை என்றால் 1,000 ரிங்கிட். சேவை வரி இருந்தால் அது தனி. இந்தக் கட்டணம் வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததற்கான கூலி. ஏஜெண்டை யார் அமர்த்தினாரோ அவர்தான் தர வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுக்காரர்தான்.

மனைவி குடிவரும்போது ஏஜெண்ட் புதிதாக யாரையும் பிடித்துத் தரவில்லை. வீடும் அதுவே, வாடகையும் அதுவே. அதற்காக இன்னொரு முறை கமிஷன் கேட்டால், "எந்த விதியின் கீழ்?" என்று வாடகைதாரர் தயங்காமல் கேட்கலாம்.

எது நியாயமான செலவு?

பழைய ஒப்பந்தம் அப்படியே இருக்க, வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் ஒன்றை எழுதிக் கையெழுத்திட்டால் செலவு மிகக் குறைவு. புதிய ஒப்பந்தமே போடுவதாக இருந்தால் முத்திரை வரி உண்டு. 2025 ஜனவரி 1 முதல், ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும், ஓராண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்திற்கு 1 ரிங்கிட், ஓராண்டுக்கு மேல் மூன்று ஆண்டு வரையிலான ஒப்பந்தத்திற்கு 3 ரிங்கிட் என்பது கணக்கு. முன்பு முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு இப்போது இல்லை. மாதம் 800 ரிங்கிட் வாடகையில் ஓராண்டு ஒப்பந்தத்திற்கு 39 ரிங்கிட்டும், ஈராண்டு ஒப்பந்தத்திற்கு 117 ரிங்கிட்டும் வரும். கூடுதல் நகல் ஒன்றுக்கு 10 ரிங்கிட். இது வருமான வரி வாரியத்துக்குப் போகும் பணம். ரசீது இருக்கும். கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

'ஒப்பந்தம் தயாரிக்கும் கட்டணம்' என்பது வேறு. வீடு, நிலம் தொடர்பான ஆவணங்களைக் கூலிக்கு எழுதித் தரும் வேலையை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் வழக்கறிஞர்களுக்கே விட்டிருக்கிறது. ஏஜெண்ட் அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் யோசித்துக் கொடுக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. நடைமுறையில் இன்று வாடகைதாரருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே பேசுவது ஒப்பந்தம்தான். அதில் மூன்று இடங்களைப் படித்துப் பார்க்க வேண்டும்: எத்தனை பேர் தங்கலாம் என்ற வரம்பு, வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் பிறரைத் தங்க வைக்கக்கூடாது என்ற விதி, பெயர் மாற்றத்துக்குக் கட்டணம் உண்டா என்ற வரி. கட்டணம் அதில் எழுதப்பட்டு, நாமும் கையெழுத்துப் போட்டிருந்தால், அதைத் தர மாட்டேன் என்று சொல்வது கடினம். ஆகவே திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில், ஒப்பந்தம் போடும் நாளிலேயே "பின்னர் துணைவர் குடிவரலாம்" என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் இதற்குத் தனிச் சட்டமே உண்டு. வாடகைதாரர் கேட்டு ஒப்பந்தத்தை மாற்றினால், பொதுவாக 50 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது. அதைவிட அதிகம் செலவானது என்றால், வாங்குபவர் அதைக் காட்ட வேண்டும். நம் நாட்டில் பெயர் சேர்ப்பதற்கு அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை. அதனால் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வதுதான் காப்பு.

பெயர் ஏன் முக்கியம்?

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல. லயத்து வீட்டுக்கு ஏஜெண்டும் இல்லை, வாடகை ஒப்பந்தமும் இல்லை. செக்ரோலில் பெயர் இருந்தவரின் வேலையோடு வீடும் வந்தது. அவர் வேலையை விட்டாலோ இறந்துபோனாலோ, அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்த குடும்பமும் வீட்டை விட வேண்டி வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் மக்கள் பட்டணத்து வாடகை வீடுகளுக்கு வந்தார்கள். இங்கே செக்ரோலின் இடத்தில் வாடகை ஒப்பந்தம் இருக்கிறது.

குடிவருபவர் இரண்டு வகையில் இருக்கலாம். ஒன்று, வீட்டுக்காரர் சம்மதத்துடன் தங்குபவர். இவருக்கு வாடகைப் பொறுப்பு இல்லை. ஆனால் ஒப்பந்தத்தின் பேரில் எதையும் கேட்கும் உரிமையும் இல்லை. கணவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு போய்விட்டால், வீட்டில் தொடர்வது வீட்டுக்காரரின் மனதைப் பொறுத்தது. மற்றொன்று, கூட்டு வாடகைதாரர். இவருக்கு உரிமை உண்டு, சுமையும் உண்டு. ஒருவர் வாடகை கட்டாவிட்டால் முழுத் தொகையையும் மற்றவரிடம் கேட்கலாம். முன்பணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் அப்போதே எழுதிவிடுவது நல்லது.

பெயர் இல்லை என்பதற்காக யாரையும் இரவோடு இரவாக வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7இன்படி, வாடகைக் காலம் முடிந்த பிறகும், அங்கே முறைப்படி குடியிருப்பவரை நீதிமன்றத்தின் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். பூட்டை மாற்றுவது வழியல்ல. முறைப்படி குடியிருந்தார் என்று காட்டுவதற்கு, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட அந்த ஒரு பக்கச் சம்மதக் கடிதம் கைகொடுக்கும்.

என்ன செய்யலாம்?

முதலில் ஏஜெண்டிடம் அல்ல, வீட்டுக்காரரிடம் பேச வேண்டும். துணைவரின் பெயர், அடையாள அட்டை எண், குடிவரும் தேதி, வாடகையில் மாற்றம் இல்லை என்ற வரி ஆகியவற்றோடு கடிதம் எழுதி இருவரும் கையெழுத்திடலாம். வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

ஏஜெண்ட் கட்டணம் கேட்டால், எதற்கு, எவ்வளவு, எந்த விதியின் கீழ் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். பணத்தை நிறுவனத்தின் கணக்கில்தான் செலுத்த வேண்டும், தனிநபர் கணக்கில் அல்ல. ஆர்.இ.என். எண்ணை வாரியத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம், புகாரும் அங்கே கொடுக்கலாம். பதிவில்லாமல் ஏஜெண்ட் தொழில் செய்வது குற்றம். அதற்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால், 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். அதற்கான படிவம் 198.

அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது, அலமாரியில் இருக்கும் வாடகை ஒப்பந்தத்தை இன்றே எடுத்து, யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது.