கொழுப்பைத் தடுக்கும் குளிசை, சோற்றைத் தடுக்காது

இதை எழுதுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தேன். கொஞ்சம் வெட்கக்கேடான கதைதான். ஆனாலும் நொய்கெல்னில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால், ஊர்ப் புதினத்துக்கு அடுத்தபடி சீனி வருத்தமும் வண்டியும்தான் பேச்சு. ஒரு வீட்டில் வாங்கிய குளிசை மறு வீட்டுக்குக் கைமாறுவதையும் கண்டுவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

நான் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். தொழிற்சாலையில் ஓடும் பட்டியில் நின்று பெட்டி அடுக்குகிறவன். இரவு வேலை, விடிய வந்து ஒரு கோப்பை நிறையச் சோறு, பிறகு படுக்கை. இப்படியே 92 கிலோ ஆகிவிட்டேன். உயரம் 1.68 மீற்றர். எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்த வைத்தியர், "32.6" என்றார். இரத்தத்தில் சீனியும் எல்லைக்கு வந்து நின்றது. என் அப்பாவுக்கும் அந்த வருத்தம் இருந்தது.

வைத்தியர் எழுதித் தந்த மருந்தின் பெயர் ஓர்லிஸ்டாட். 1998இல் செனிக்கால் என்ற பெயரில் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. 120 மில்லிகிராம் குளிசைக்கு மருந்துச்சிட்டை வேண்டும். 60 மில்லிகிராம் குளிசையை 2009 தொடக்கம் சிட்டை இல்லாமலே அப்போதெக்கில் வாங்கலாம். எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்த எண் 30க்கு மேல், அல்லது 28க்கு மேலிருந்து சீனி, பிறஷர் போன்றவையும் உள்ளவர்களுக்குத்தான் பெரிய குளிசை எழுதுவார்கள். காசு எங்கள் பையிலிருந்துதான். எடை குறைக்கும் மருந்துக்குக் கிராங்கன்காசை பணம் தராது என்று 2004 முதல் சட்டமே இருக்கிறது.

இது பசியை அடக்கும் மருந்து அல்ல. நாங்கள் சாப்பிடும் கொழுப்பை உடைக்க வயிற்றிலும் சதையியிலும் லிப்பேஸ் என்ற நொதியம் சுரக்கிறது. உடையாத கொழுப்பு இரத்தத்துக்குள் போகாது. குளிசை அந்த நொதியத்தைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. சாப்பிட்ட கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உடம்பில் சேராமல் மலத்தோடு வெளியே போகும்.

இனி என் கணக்கைக் கேளுங்கள். ஒரு நாளில் 60 கிராம் கொழுப்புச் சாப்பிட்டால் 18 கிராம் தப்பிப் போகும். கிராமுக்கு 9 கலோரி, ஆக 160 சொச்சம். ஒரு கோப்பை வெறுஞ்சோற்றில் ஏறக்குறைய 200 கலோரி இருக்கிறது! சோறு, புட்டு, இடியப்பம், சீனி போட்ட தேத்தண்ணி எதையும் இந்தக் குளிசை தொடாது. குளிசை போட்டாச்சுத்தானே என்று இன்னொரு அகப்பை போட்டுக்கொண்டால், காசும் போய் வண்டியும் மிஞ்சும். முதல் மூன்று வாரமும் நான் செய்தது அதைத்தான்.

அடுத்தது அந்த வெட்கக் கதை. ஒரு சனிக்கிழமை பிறந்தநாள் கொண்டாட்டம். முதற்பால் விட்ட ஆட்டிறைச்சிக் கறி, றோல்ஸ், வடை. வெட்டி விளாசினேன், குளிசையும் போட்டேன். தங்கிய எண்ணெய் ஒன்றிரண்டு நாளில் வெளியே வரும். எனக்குத் திங்கட்கிழமை காலை வேலையில் வந்தது. மைஸ்டரிடம் சொல்லாமல் பட்டியை விட்டு நகர முடியாது. கை காட்டினேன், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சத்தை நீங்களே விளங்கிக்கொள்ளுங்கள். அன்று ஜக்கெற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊபானில் நின்றபடியே வீடு வந்தேன். மருந்தோடு வந்த துண்டில் எல்லாம் எழுதியிருந்தது. நான்தான் வாசிக்கவில்லை.

"கொண்டாட்டம் எண்டால் குளிசையை விட்டிட்டுச் சாப்பிடு மச்சான்" என்று ஒரு நண்பன் புத்தி சொன்னான். கொழுப்பே இல்லாத சாப்பாட்டுக்கும் சாப்பிடாத வேளைக்கும் குளிசை தேவையில்லை என்பது உண்மை. அவன் சொன்னது வேறு கதை!

கைமாற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். தைரொயிட் குளிசை எடுக்கும் அக்காமார், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றி சிக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேளாமல் தொடக்கூடாது. பிள்ளைத்தாய்ச்சிகளும் பாலூட்டும் தாய்மாரும் எடுக்கவே கூடாது. கொழுப்போடு ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் கழிந்து போகும் என்பதால் படுக்கப் போகும்போது ஒரு விற்றமின் குளிசை போடச் சொன்னார்கள். இணையத்தில் மலிவாக வாங்குவதும் வேண்டாம். 2010இல் அமெரிக்காவில் அகப்பட்ட போலிப் பெட்டிகளில் இருந்தது சிபுட்ராமின். இருதயத்துக்குக் கேடு என்று ஐரோப்பா அதே ஆண்டு நிறுத்திய மருந்து அது.

அப்படியென்றால் பலனே இல்லையா? இருக்கிறது. சுவீடனில் 3,300 பேருக்கு மேல் நாலு வருடம் கவனித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும். வெறும் குளிசை எடுத்தவர்கள் 3 கிலோ குறைந்தார்கள், ஓர்லிஸ்டாட் எடுத்தவர்கள் 5.8 கிலோ. சீனி வருத்தம் வந்தவர்கள் நூற்றுக்கு 9 பேர் ஒரு பக்கம், 6 பேர் மறுபக்கம். இந்த இரண்டாவது கணக்குக்காகத்தான் நான் குளிசையை விடாமல் எடுத்தேன்.

12 கிழமையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறையாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். எனக்கு 4.6 கிலோ குறையவேண்டியிருந்தது. 5 கிலோ குறைந்தது. இப்போது வீட்டில் என் பங்குக் கறிக்குக் கப்பிப்பால் மட்டும்தான். சோற்றை மனைவி தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து போடுகிறாள். பின்னேரங்களில் ரெம்பெல்கோவ் பழைய விமான ஓடுபாதையில் நடக்கிறேன். எதிர்க்காற்று அடித்தால் பாதியில் திரும்பிவிடுவேன், அது வேறு.