புறப்பாட நடவடிக்கை: பள்ளி வேனோடு போய்விடும் 10 விழுக்காடு

எஸ்பிஎம் தேர்வு முடிவும் அதைத் தொடர்ந்து உயர்கல்விக்கூட முடிவுகளும் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் நம் வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது. “இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே தேர்ச்சிதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. நம் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை?”

இதற்கான பதில் எப்போதும் தேர்வுத் தாளில் மட்டும் இருப்பதில்லை. பள்ளி முடிந்த பிறகு திடலிலும் மண்டபத்திலும் நடக்கும் புறப்பாட நடவடிக்கைகளிலும் அதன் ஒரு பகுதி இருக்கிறது.

90-ம் 10-ம்

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சேர யூபியூ வழி விண்ணப்பிக்கும் மாணவரின் தகுதிப் புள்ளி இரண்டு பகுதிகளைக் கொண்டது. தேர்வு அடைவுநிலைக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு.

பத்துதானே என்று நினைக்கத் தோன்றும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரண்டு மாணவர்கள் தேர்வில் சமமாக 81 புள்ளிகள் வைத்திருக்கிறார்கள். புறப்பாடத்தில் ஒருவருக்கு 8.5, மற்றவருக்கு 4. முதலாமவரின் மொத்தம் 89.5, இரண்டாமவருக்கு 85. ஒரே துறைக்கு ஆயிரக்கணக்கானோர் போட்டியிடும்போது இந்த நாலரைப் புள்ளி இடைவெளியில் எத்தனையோ பேர் வரிசையில் முந்திக்கொள்வார்கள். அதைத் தேர்வில் ஈடுகட்ட ஒரு பாடத்தின் தரத்தை உயர்த்தினால் போதாது.

மூன்றில் பங்கு கட்டாயம்

இடைநிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் மூன்று பிரிவுகளில் சேர வேண்டும். ஒன்று, சாரணர், செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம், போலீஸ் கெடட் போன்ற சீருடை இயக்கம். இரண்டாவது, கழகம் அல்லது மன்றம். தமிழ்மொழிக் கழகம் உள்ள பள்ளிகளில் அதுவும் இதில் அடங்கும். மூன்றாவது, விளையாட்டு. ஒவ்வொரு மாணவரும் குறைந்தது ஒரு விளையாட்டில் ஈடுபட வேண்டும் என்ற ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ கொள்கை 2011-ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது.

இவற்றில் மாணவரின் ஈடுபாட்டைப் பள்ளி ‘பிஏஜேஎஸ்கே’ எனும் மதிப்பீட்டில் பதிவு செய்கிறது. வருகை, வகிக்கும் பதவி, எந்த நிலைப் போட்டியில் பங்கெடுத்தார், என்ன அடைந்தார் என்பவை அதில் பார்க்கப்படும். பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம், அனைத்துலகம் என்று நிலை ஏற ஏறப் புள்ளியும் கூடும்.

பல பெற்றோர் கவனிக்கத் தவறுவது வருகையைத்தான். மாநில அளவில் ஓடி வெல்வது எல்லாப் பிள்ளைகளாலும் முடியாது. வாரந்தோறும் கூட்டத்திற்குப் போய்ப் பெயரைப் பதிவது எல்லாராலும் முடியும். அதற்கென்று தனிப் புள்ளி இருக்கிறது. திறமை இருந்தும் வருகை இல்லாத மாணவர் அந்தப் புள்ளியை இழக்கிறார்.

ஏன் தவறுகிறது?

பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், தோட்டப்புறத்தில் முதல் தடை வேன்தான். தமிழ்ப்பள்ளி தோட்டத்துக்குள்ளேயோ அருகிலோ இருக்கும். இடைநிலைப்பள்ளி பட்டணத்தில் இருக்கும். பள்ளி முடிந்ததும் வேன் புறப்பட்டுவிடும். நடவடிக்கை முடியும் மாலை நேரத்தில் வீடு திரும்ப வாகனம் இல்லை. அப்பா வேலையில், அம்மா தொழிற்சாலை ஷிப்டில். பிள்ளை வேனில் ஏறிவிடுகிறான்.

இரண்டாவது, செலவு. சீருடை, காலணி, முகாம் கட்டணம் எல்லாம் சேரும்போது, மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அது சுமைதான்.

மூன்றாவது, டியூஷன். நடவடிக்கை நாளும் டியூஷன் நாளும் மோதும்போது நம் வீடுகளில் பெரும்பாலும் டியூஷனே வெல்கிறது.

நான்காவது, கூச்சம். தமிழ்ப்பள்ளியிலிருந்து படிவம் 1-க்குப் போகும் பிள்ளைக்குப் புதிய பள்ளி, புதிய முகங்கள். தெரிந்தவர் இல்லாத குழுவில் சேரத் தயங்கி, ஒதுங்கி நிற்கப் பழகிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

ஆண்டுத் தொடக்கத்திலேயே நடவடிக்கை அட்டவணையைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள். அந்த நாளைத் தவிர்த்து டியூஷனை அமைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தோட்டத்திலிருந்து போகும் ஐந்தாறு பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்தால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் தாமதமாக வர வேன்காரரிடம் பேசலாம். ஒருவராகக் கேட்டால் மறுப்பவர், ஆறு பேர் செலவைப் பகிர்ந்தால் யோசிப்பார். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதை எழுப்பலாம்.

செலவைக் குறைக்க, படிவம் 5 முடித்துப் போகும் மாணவர்களின் சீருடையைக் கேட்டுப் பெறலாம். குடும்பத்தின் நிலையை ஆலோசக ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்வதில் தவறில்லை.

படிவம் 1-இலேயே சேர்ந்து, அதே இயக்கத்தில் நிலைத்திருப்பது நல்லது. செயலாளர், பொருளாளர் போன்ற பொறுப்புகள் பெரும்பாலும் தொடர்ந்து வருபவர்களையே தேடி வரும். ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருப்பவர் எப்போதும் புது உறுப்பினராகவே இருப்பார்.

நற்சான்றிதழ்களை ஒரே கோப்பில் சேர்த்து, நகலை ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். அலமாரியில் கிடக்கும் சான்றிதழுக்கு யாரும் புள்ளி போடமாட்டார்கள். நோயால் வர முடியாத நாளுக்கு உடனே கடிதம் கொடுங்கள்.

புள்ளிக்கு அப்பால்

“விளையாடினால் படிப்பு கெடும்” என்பது நம்மிடையே இன்னும் மறையாத பேச்சு. டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றவர். 1960, 1964, 1968 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் ஓடியவர். மருத்துவமும் படித்து முடித்தவர். அதே 1966 போட்டியில் எம். ராஜாமணி பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். நம் பிள்ளைகளுக்குத் திடல் அந்நியமான இடம் அல்ல.

எல்லாரும் ஜெகதீசன் ஆக வேண்டியதில்லை. முகாமில் கூடாரம் அடித்தவர், கழகக் கூட்டத்தில் அறிக்கை வாசித்தவர், பிற இன நண்பர்களோடு ஒரே அணியில் ஆடியவர் நேர்முகத் தேர்வில் பேசத் தயங்கமாட்டார். அந்தத் துணிவை எந்த டியூஷனிலும் வாங்க முடியாது.

படிவம் 5-இல் விண்ணப்பப் பாரத்தை நிரப்பும்போது இந்தப் புள்ளிகளைத் தேடினால் கிடைக்காது. அடுத்த முறை தேர்வு அறிக்கையில் கையொப்பமிடப் பள்ளிக்குப் போகும்போது, கணிதத்தில் எத்தனை என்று கேட்பதோடு, “பிள்ளையின் பிஏஜேஎஸ்கே எப்படி இருக்கிறது?” என்றும் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். திருத்திக்கொள்ளக் காலம் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது.