ஏறும் நேரம் சோதனை நேரமல்ல

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் கேமரன் மலையின் கியா பார்ம் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? விடியற்காலையில் அந்தச் சாலையில் அவ்வளவாக வாகனம் இருக்காது. தாப்பா வழியாகவும் சிம்பாங் பூலாய் வழியாகவும் கார்கள் மலையேறி வந்து சேரச் சேர நெரிசல் கூடும். சாலை இந்தக் கூட்டத்தைத் தாங்குமா என்று அறிய எப்போது பார்க்க வேண்டும்? கூட்டம் முழுவதும் வந்து சேர்ந்த பிறகுதானே!

இணையத்தளங்களுக்கும் இதே கதைதான். ஒரு தளத்தை மக்களுக்குத் திறந்துவிடும் முன் பொறியாளர்கள் ‘சுமைச் சோதனை’ செய்வார்கள். அப்பாச்சி ஜேமீட்டர் போன்ற இலவச மென்பொருள், நூற்றுக்கணக்கான பயனர்களைப் போல நடித்துத் தளத்துக்குக் கோரிக்கைகளை அனுப்பும். எல்லாரையும் ஒரே நொடியில் உள்ளே விடாமல் சிறிது சிறிதாகச் சேர்க்கும் நேரத்துக்கு ‘ரேம்ப்-அப்’ என்று பெயர். நாம் இதை ‘ஏறுநேரம்’ என்போம். 10 நிமிட ஏறுநேரத்தில் 600 பயனர்கள் என்றால், நொடிக்கு ஒருவர் சேர்கிறார். எத்தனை பேர் வந்ததும் தளம் திணறத் தொடங்குகிறது என்பதை இதனால் கண்டுபிடிக்கலாம்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. ஜேமீட்டரில் நீங்கள் குறிக்கும் சோதனைக் காலம், முதல் பயனர் நுழையும்போதே ஓடத் தொடங்கிவிடும். காலத்தையும் 10 நிமிடம் என்று வைத்தால், 600ஆவது பயனர் நுழையும் வேளையில் சோதனை முடிந்துவிடும். முழுச்சுமையைத் தளம் சுமக்கவே இல்லை!

15 நிமிடம் வைத்தால்? முதல் 10 நிமிடம் பக்கம் 1 நொடியிலும், கடைசி 5 நிமிடம் 4 நொடியிலும் திறந்ததாக வைத்துக்கொள்வோம். நிமிடவாரியாகச் சராசரி எடுத்தால் 2 நொடி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கூட்ட நேரத்தில் வருபவர் காத்திருப்பது 4 நொடி.

எனவே சூத்திரம் எளிது: மொத்தக் காலம் = ஏறுநேரம் + முழுச்சுமை நேரம். 30 நிமிடம் முழுச்சுமை வேண்டுமானால் 40 நிமிடம் ஓட்டுங்கள். முடிவைக் கடைசி 30 நிமிடத்திலிருந்து மட்டும் எடுங்கள். நினைவகம் மெல்ல மெல்ல நிரம்புவது போன்ற கோளாறுகள் தெரியவரப் பல மணி நேரம்கூட ஆகலாம்.

கூட்டம் எப்போதும் மெதுவாகத்தான் வருமா? 2021 மே 26, நண்பகல் 12 மணி. மலேசியாவில் அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கான இணைய முன்பதிவு தொடங்கியது. ஒரே நேரத்தில் மக்கள் குவிந்தனர். பலருக்குத் தளம் சரியாக இயங்கவில்லை. அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார். குறித்த மணிக்குத் திறக்கும் தளங்களுக்கு, ஏறுநேரத்தைச் சில நொடிகளாகச் சுருக்கி இன்னொரு சோதனையும் தேவை.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: நொடிக்கு 3 பேர் வீதம் 900 பயனர்கள், முழுச்சுமை 20 நிமிடம். மொத்தக் காலம் எவ்வளவு?

(விடை: 25 நிமிடம்)