பாம்பன் தூக்குப் பாலத்தை இயக்கும் பணி

பாம்பன் தூக்குப் பாலம் என்பது இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்தையும் இராமேசுவரம் தீவையும் இணைக்கும் கடல்வழி ரயில் பாலத்தின் நடுவே, கப்பல்கள் கடந்து செல்வதற்காகத் திறந்து மூடும்படி அமைக்கப்பட்ட பகுதியாகும். 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாலத்தில் இப்பகுதியை ஆட்களே கையால் இயக்கினர். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் இது மின்விசையால் இயங்குகிறது.

பாலத்தின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கரையோரமாக ஒரு கடலிலிருந்து மற்றதற்குச் செல்ல விரும்பும் சிறு கப்பல்களுக்குப் பாம்பன் கால்வாயே வழி. இங்கு ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகவேண்டும். மிதவைகள், இழுவைக் கப்பல்கள், கடலோரக் காவல்படைப் படகுகள், பாய்மர உல்லாசப் படகுகள், ஆழ்கடல் மீன்பிடிப் படகுகள் ஆகியவையே தூக்குப் பாலத்தின் வாடிக்கையாளர்கள். நாட்டுப் படகுகளுக்குப் பாலம் திறக்க வேண்டியதில்லை. அவை தூண்களுக்கு இடையிலேயே புகுந்து சென்றுவிடும்.

பழைய பாலத்தின் அமைப்பு

பழைய தூக்குப் பகுதி இரண்டு இரும்பு இறக்கைகளால் ஆனது. இது ஷெர்சர் வகையைச் சேர்ந்தது. இவ்வகையை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சர். 1893-இல் அவர் இறந்தபின் அவருடைய சகோதரர் ஆல்பர்ட் அத்தொழிலைத் தொடர்ந்தார். இவ்வகைப் பாலங்கள் 1895-இல் சிகாகோ நகரில் முதலில் பயன்பாட்டுக்கு வந்தன.

சாதாரணத் தூக்குப் பாலம் கதவு கீலில் திரும்புவதுபோல ஓர் அச்சில் திரும்பும். ஷெர்சர் வகையில் அச்சு இல்லை. இறக்கையின் அடிப்பகுதி வில்லாக வளைந்திருக்கும். அந்த வளைவு தண்டவாளம் போன்ற ஒரு தளத்தின்மீது பின்னோக்கி உருளும். சாய்வு நாற்காலியில் பின்னே சாய்வதை நினைத்தால் இது எளிதில் விளங்கும். இறக்கை உயர்வதோடு கரைப்பக்கமாக நகர்ந்தும் விடுவதால் கப்பலுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது.

பல நூறு டன் இரும்பைச் சில ஆட்கள் எப்படித் தூக்கினார்கள் என்ற கேள்வி பார்ப்பவர் எல்லோருக்கும் எழும். விடை எதிர் எடையில் இருக்கிறது. கிணற்றுத் துலாவின் அடிப்பக்கத்தில் கல்லைக் கட்டிவிட்டால் நீர் நிறைந்த சாலும் இலேசாக மேலே வருகிறது அல்லவா, அதே முறைதான். இறக்கையின் பின்பக்கம் பொருத்திய எடை முன்பக்க எடையை ஈடுசெய்துவிடும். ஆட்கள் வெல்ல வேண்டியது உராய்வையும் காற்றையும் மட்டுமே. ஆனால் அந்த 'மட்டுமே' சிறிய சொல் அல்ல. நிமிர்ந்து நிற்கும் இறக்கை காற்றுக்குப் பாய்மரம்போல ஆகிவிடும்.

திறக்கும் முறை

கப்பல் வந்தவுடன் பாலம் திறந்துவிடாது. கடக்க விரும்பும் கப்பல் முதலில் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் அனுமதி பெற்று, பாலத்திலிருந்து தள்ளி நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டும். துறைமுக அதிகாரிகள் ரயில்வேக்குத் தெரிவிப்பார்கள். ஒற்றைத் தடம் என்பதால் ரயில் இல்லாத நேரம் பார்த்தே நாள், நேரம் குறிக்கப்படும். இதனால் பல கப்பல்களை ஒன்றுசேர்த்து ஒரே தடவையில் விடுவதே வழக்கம். கப்பல்கள் சென்றபின் காத்திருக்கும் மீன்பிடிப் படகுகளும் வரிசையாகக் கடந்துவிடும்.

குறித்த நேரத்தில் இருபுறமும் ரயில் நிறுத்தப்பட்டது உறுதியான பிறகே ஊழியர்கள் வேலையைத் தொடங்குவர். பழைய பாலத்தில் தண்டவாள இணைப்புகளைக் கழற்றி, இரண்டு இறக்கைகளும் சேரும் நடுவிடத்தின் பூட்டை விடுவித்தனர். பின் இருபுறமும் குழுக்களாக நின்று நெம்புத்தடிகளைத் தள்ளிப் பற்சக்கரங்களைச் சுழற்றினர். ஒரு பக்கம் முந்தினால் மறுபக்கம் பொறுக்க வேண்டியிருந்தது. இறக்கும்போது கவனம் இன்னும் அதிகம் தேவை. தண்டவாளங்கள் பிசகாமல் நேராகப் பொருந்தி, பூட்டு விழுந்து, அதைச் சரிபார்த்த பின்னரே ரயிலுக்கு வழிவிடலாம்.

கப்பல் பக்கத்திலும் ஆபத்து உண்டு. கால்வாயில் நீரோட்டம் வலுவானது. வடகிழக்குப் பருவக்காற்றில் ஒரு திசையிலும் தென்மேற்குப் பருவக்காற்றில் எதிர்த்திசையிலும் ஓடும். இயந்திரம் பழுதானால் கப்பல் நேராகத் தூண்களை நோக்கித்தான் வரும். 2013 ஜனவரியில் கடற்படை மிதவை ஒன்று பாலத்தில் மோதிச் சேதம் ஏற்பட்டது.

புயலும் துருவும்

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாலத்தின் 126 கர்டர்கள் கடலுக்குள் போயின. நடுவிலிருந்த தூக்குப் பகுதி தப்பியது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ஓடி, அங்கிருந்து நீராவிக் கப்பல் வழியே இலங்கையோடு இணைந்திருந்த 'போட் மெயில்' பயணம் மட்டும் திரும்பவில்லை. பாதை இராமேசுவரத்தோடு நின்றது.

புயலைவிடப் பிடிவாதமான பகை உப்புக்காற்று. பாம்பன் கடுமையாகத் துருப்பிடிக்கும் இடம். பழுதடைந்ததைச் சுரண்டுவது, வண்ணம் பூசுவது, மசகு இடுவது என்ற பராமரிப்பு வேலை ஆண்டு முழுவதும் நடந்தது. பாலம் திறக்கும் காட்சியைக் காணக் கூட்டம் கூடும். ஆண்டு முழுதும் நடக்கும் இந்த வேலையைப் பார்த்தவர்கள் குறைவு. 2007-இல் மீட்டர் பாதை அகலப் பாதையாக மாறியபோது தூக்குப் பகுதி வலுப்படுத்தப்பட்டது. எனினும் ரயில்கள் பாலத்தில் ஊர்ந்தே சென்றன. 2018 டிசம்பரில் தூக்குப் பகுதியில் பழுது கண்டறியப்பட்டதால் ஏறத்தாழ மூன்று மாதம் ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. 2022 டிசம்பரில் மீண்டும் பழுது ஏற்பட, பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நிரந்தரமாக நிறுத்தப்பட்டது.

புதிய பாலம்

புதிய பாலத்தில் இறக்கைகள் இல்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே கர்டர், இரு கோபுரங்களுக்கு இடையே மின்தூக்கிபோல 17 மீட்டர் உயரம் வரை நேராக மேலெழும். இங்கும் எதிர் எடைதான் பெரும்பாரத்தைச் சுமக்கிறது. கம்பி வடங்களும் மோட்டார்களும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. பழைய பாலத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் அரை மணி நேரத்துக்கு மேல் செய்த வேலை இங்கே ஐந்தாறு நிமிடங்களில் முடிகிறது. இயக்குபவர் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பார்.

ஆயினும் ரயிலை நிறுத்துவது, பூட்டை விடுவிப்பது, இறக்கியபின் தண்டவாளப் பொருத்தத்தைச் சரிபார்ப்பது என்ற வரிசை மாறவில்லை. காற்றின் வேகம் வரம்பைத் தாண்டினால் பழைய பாலத்தைப் போலவே இங்கும் சிக்னல் சிவப்பாகிவிடும். காற்று தணியும்வரை ரயில் கரையிலேயே நிற்கும்.