ஈரத் தட்டும் இடுக்கியும்: மழைக்குளிரில் சைக்கிள் பிரேக் எப்படி இயங்குகிறது?

உலர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றின் விளிம்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பாருங்கள். அசையாமல் நிற்கும். அதே தட்டைக் குழாயில் நனைத்துவிட்டுப் பிடியுங்கள். அதே விரல், அதே அழுத்தம், ஆனாலும் வழுக்கும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நடுவில் இருக்கும் தண்ணீர் பிதுங்கி வெளியேறும், பிடி கிடைத்துவிடும். மழையில் சைக்கிள் பிரேக் படும் பாடு முழுவதும் அந்த ஒரு நொடிக்குள் இருக்கிறது.

நான் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் ஊர் மான்செஸ்டர். டிசம்பரில் இங்கே மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பனி விழும் நாட்களைவிட மழை தூறும் நாட்கள்தான் அதிகம். சாலை உறைந்துவிடாமல் இருக்க இரவில் லாரிகள் உப்பைத் தூவிப் போகும். காலையில் சக்கரம் அள்ளி மேலே வீசுவதில் தண்ணீர், உப்பு, மணல், அழுகிய இலைக்கூழ், டீசல் பிசுக்கு எல்லாம் சேர்ந்திருக்கும். பிரேக் பிடிக்க வேண்டியது இந்தக் குழம்பின் நடுவில்தான்.

முதலில் துடைப்பு, பிறகு பிடிப்பு

வேகத்தைச் சூடாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழுதாக நிற்கும்போது ஏறக்குறைய 1,300 ஜூல் வெப்பம் பிறக்கிறது. அரை டம்ளர் தண்ணீரை, அதாவது 100 மில்லியை, 3 டிகிரி சூடாக்கும் அளவு அது. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டே அல்ல. உராய்வு பிறந்தால்தான் அந்தச் சூடும் பிறக்கும், அந்த உராய்வைத்தான் தண்ணீர்ப் படலம் தடுக்கிறது.

ஆகவே மழையில் நனையும் எந்தப் பிரேக்குக்கும் இரண்டு வேலை. முதலில் பரப்பைத் துடைக்க வேண்டும், அப்புறம்தான் பிடிக்க முடியும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடிவிடும். துடைக்கவே இரண்டு சுற்று போனால், வேகம் குறையத் தொடங்கும் முன்பே நாலு மீட்டர் கடந்திருப்போம். பாதையைக் கடக்கும் ஒருவருக்கும் நமக்கும் நடுவில் சில நேரம் அவ்வளவுதான் இடம் இருக்கும். எந்தப் பிரேக்கை வாங்கலாம் என்று யோசிக்கும்போது, அது எங்கே துடைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் துடைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரிம் பிரேக்: அம்மியும் குழவியும்

தஞ்சாவூர்ப் பக்கம் அப்பா ஓட்டிய கறுப்பு சைக்கிள், இங்கிலாந்து ரோட்ஸ்டரின் வார்ப்பில் வந்தது. கேபிள் கிடையாது. ஹேண்டில்பாரிலிருந்து இறங்கும் கம்பிகள், குரோமியம் பூசிய இரும்பு ரிம்மின் உட்புறத்தில் ரப்பர் கட்டையை இழுத்து அழுத்தும். ஐப்பசி மழையில் பாலத்துச் சரிவில் இறங்குவதற்கு முன் அப்பா சைக்கிளை நிறுத்தி, தோள் துண்டால் இரண்டு ரிம்மையும் சுற்றித் துடைப்பார். பளபளப்பு போகாமல் இருக்கத்தான் துடைக்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்தப் பிரேக்கால் செய்ய முடியாத வேலையை அவர் தன் துண்டால் செய்திருக்கிறார் என்பது இங்கே வந்தபிறகுதான் புரிந்தது.

கொத்தாமல் விட்ட அம்மி வழவழத்துப் போனால் மிளகாய் குழவிக்குச் சிக்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். நனைந்த குரோமியப் பரப்பில் ரப்பர் கட்டையும் அப்படித்தான் நழுவுகிறது. அலுமினிய ரிம்மில் ஈரத்திலும் ரப்பர் ஓரளவு பற்றும். இரும்பு ரிம் உள்ள சைக்கிளை மழைக்காலம் முழுக்க ஓட்டுவதாக இருந்தால், சக்கரத்தை அலுமினிய ரிம்முக்கு மாற்றுவதே முதல் செலவாக இருக்கட்டும். கட்டையிலும் தேர்வு உண்டு. இரும்பு ஆக்சைடு கலந்து, வெளிறிய செங்கல் நிறத்தில் வரும் ரப்பர் கட்டைகள் ஈரத்துக்குப் பெயர் பெற்றவை. கூல்ஸ்டாப் கட்டைகள் அந்த வகை.

ஆனால் ரிம் இருப்பது சாலையை ஒட்டி. சேற்றுக்கு மிக அருகில் சுழல்கிறது. மணலும் தண்ணீரும் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் சிக்கினால் அம்மியில் நீர் தெளித்து அரைக்கும் கதைதான். அங்கே மசாலா அரைபடும், இங்கே ரிம்மே அரைபடும். மழையில் ஓட்டி வந்தபின் ரிம்மில் வழியும் கறுப்புச் சாந்தில் ரப்பரோடு அலுமினியமும் கலந்திருக்கிறது. பல ரிம்களின் பக்கவாட்டில் தேய்மானம் காட்டும் சிறு பள்ளமோ கோடோ இருக்கும். அது மறைந்தாலும், பக்கச் சுவர் உள்நோக்கிக் குழிந்தாலும் ரிம்மை மாற்றியே ஆக வேண்டும். மெலிந்த சுவர் டயரின் காற்றழுத்தத்தைத் தாங்காமல் பிளந்துவிடும்.

டிரம் பிரேக்: மூடி போட்ட பாத்திரம்

சுழலும் குடத்துக்குள் கையை விட்டு, விரல்களை விரித்து உட்சுவரை அழுத்தி நிறுத்துவதாகக் கற்பனை செய்யுங்கள். டிரம் பிரேக் இயங்குவது அப்படி. சக்கரத்தின் நடுவே ஹப்புக்குள் இரண்டு பிறைகள் வெளிப்பக்கமாக விரிந்து உட்சுவரைப் பற்றும். மழை வெளியே, உராய்வு உள்ளே. துடைக்கும் வேலைக்கே இடமில்லாததால் மழையிலும் வெயிலிலும் ஏறக்குறைய ஒரே பிடிதான். நாட்டிங்காமில் 1902-இல் தொடங்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் பெயரில் 70, 90 மில்லிமீட்டர் டிரம்கள் இன்றும் கிடைக்கின்றன. நெதர்லாந்தின் தினசரி சைக்கிள்களில் இந்த வகையையும், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் ஹப்புக்குள் பிடிக்கும் வகையையும் நிறையப் பார்க்கலாம்.

மூடிக்கு ஒரு விலை உண்டு. நீண்ட மலையிறக்கத்தில் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பிடி தளரும். எடை கூடுதல், சக்கரத்தைக் கழற்றுவதும் கொஞ்சம் சிரமம். தட்டையான ஊரில் தினமும் நனைகிறவருக்கு இவை பெரிய குறைகள் அல்ல.

டிஸ்க் பிரேக்: இடுக்கி

அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் இடுக்கியை நினைத்துக்கொண்டால் டிஸ்க் பிரேக் புரிந்துவிடும். ஹப்போடு சேர்ந்து சுழலும் மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு பேட்கள் இருபுறமிருந்தும் இடுக்குகின்றன. 160 மில்லிமீட்டர் தகடு சாலையிலிருந்து கால் மீட்டர் உயரத்தில் சுழல்வதால் சேறு குறைவாகவே எட்டும். தகடு சிறியது என்பதால், ரிம்மைப் பிடிக்க வேண்டிய அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு இங்கே தேவை. மழையில் அந்த அழுத்தமே உதவிக்கு வருகிறது. தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தபோது தண்ணீர் பிதுங்கியதே, அதேபோல இங்கும் படலம் பிதுங்கித் தகட்டின் துளைகள் வழியே வெளியேறிவிடும். தேய்ந்துபோவதும் மாற்றக்கூடிய தகடுதான், சக்கரத்தின் ரிம்முக்கு ஒன்றும் ஆகாது.

பேட்டில் இரண்டு வகை. ரெசின் பேட் சத்தமில்லாமல், குளிரிலும் உடனே பிடிக்கும், ஆனால் ஈர மணலில் சீக்கிரம் கரைந்துவிடும். உலோகப் பொடியை அழுத்திச் செய்த பேட் நெடுநாள் உழைக்கும், ஆனால் ஈரத்தில் கீச்சிடும். மழைக்காலம் முழுதும் ஓட்டுகிறவருக்கு நான் சொல்வது உலோகப் பேட். வாங்கும் முன் தகட்டைப் பாருங்கள். ரெசின் பேட் மட்டுமே போடலாம் என்று சில தகடுகளில் பொறித்திருக்கும்.

புதுப் பேட்டைப் போட்டதும் அதைப் பழக்க வேண்டும். புதுத் தோசைக்கல்லில் முதல் தோசை சரியாக வராது. நாலைந்து வார்த்தபின் மெல்லிய படிவு ஒன்று உருவாகிக் கல் பழகும். பேட்டும் தன்னில் ஒரு மெல்லிய படிவைத் தகட்டில் பூசினால்தான் பிடி முழுமையாகும். வண்டி நடமாட்டம் இல்லாத இடத்தில் 20 கிலோமீட்டர் வேகம் எடுத்து, நடை வேகம் வரை பிடித்து, முழுதாக நிற்காமல் விட்டுவிடுங்கள். இருபது முறை இப்படிச் செய்தால் போதும். தோசைக்கல்லோடு ஒப்புமை இங்கே முடிகிறது. கல்லுக்கு எண்ணெய் உறவு, தகட்டுக்கு எண்ணெய் பகை. ஒருமுறை அவசரத்தில் செயினுக்குப் பீய்ச்சிய எண்ணெய் தகட்டிலும் தெறித்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை வில்ம்ஸ்லோ ரோடு சிக்னலில் லீவரை முழுதாக அழுத்தியும் சைக்கிள் அலறிக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போனது. தகட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மீட்டேன். எண்ணெய் குடித்த பேட்டைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

கழுவும் வரிசை

வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர்களுக்கு வரிசை தெரியும். பால் பாத்திரம் முதலில், எண்ணெய்ச் சட்டி கடைசியில். சைக்கிளில் பிரேக் பால் பாத்திரம், செயின் எண்ணெய்ச் சட்டி. இரண்டுக்கும் தனித்தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

1. நனைந்து வந்த அன்றே, சேறு காயும் முன், ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பையும் மணலையும் கழுவுங்கள். அழுத்தக் குழாயால் பீய்ச்சினால் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் வெளியேறி, தண்ணீர் உள்ளே குடியேறும்.

2. ரிம் பிரேக் என்றால், பாத்திரச் சோப்பு கலந்த நீரில் ரிம்மைச் சுற்றித் துடையுங்கள். கட்டைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் மினுக்கும் உலோகத் துகள்கள் தெரியும். ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, வழவழத்த மேல்பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள்.

3. டிஸ்க் என்றால், தகட்டைச் சுத்தமான துணியில் நனைத்த ஆல்கஹாலால் துடையுங்கள். விரல் படக்கூடாது, விரலின் பிசுக்கே போதும் பிடியைக் கெடுக்க. மலையிறங்கி வந்த உடனே தொட்டால் அடுப்பிலிருக்கும் கல்லைத் தொட்டதற்குச் சமம். பேட்டின் உராய்வுப் பொருள் அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள்.

4. கேபிள் பிரேக்கானால் லீவரை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். கனமாக இருந்தால் கேபிள் உறைக்குள் தண்ணீரோ துருவோ சேர்ந்திருக்கிறது. உறையும் குளிரில் அந்தத் தண்ணீர் ஐஸாகிக் கேபிளையே பிடித்துக்கொள்ளும்.

5. கடைசியில் செயின். எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டாக விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள்.

எதை வாங்குவது?

தட்டையான ஊர், தினமும் மழை, பராமரிக்க நேரமில்லை என்றால் டிரம். மேடு பள்ளம், பாரம், வேகம் என்றால் உலோகப் பேட் போட்ட டிஸ்க். அலுமினிய ரிம்மில் நல்ல ரிம் பிரேக் ஏற்கெனவே இருந்தால் அதை மாற்ற அவசியமில்லை. மழைக்கேற்ற கட்டையைப் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை துகள் எடுங்கள்.

எந்தப் பிரேக்கானாலும் டயர் சாலையைப் பற்றும் அளவுக்கு மேல் அதனால் நிறுத்த முடியாது. நனைந்த டிராம் தண்டவாளத்திலும் இலைக்குவியலிலும் அந்தப் பற்று மிகக் குறைவு. அதனால் சந்திப்புக்கு முப்பது மீட்டருக்கு முன்பே ரிம் பிரேக்கையோ டிஸ்க்கையோ லேசாகத் தொட்டு, பரப்பைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். பாலத்துச் சரிவுக்கு முன்னால் அப்பாவின் துண்டு செய்த வேலை அதுதான்.